அக்கா திறந்த ஐந்து வீடுகள்

அக்கா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் வாழ்க்கையை எழுதப்போனால் பிறந்தது, வணிகவியல் படித்தது, கல்யாணம், வேலை என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். நாற்பத்திரண்டாம் வயதில் அவள் எழுதிய ஒரு தேர்வு மட்டும் அப்படி முடிவதாக இல்லை. அதில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. நான் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறவன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் எதற்கும் காரணம் கிடைத்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வந்திருக்கிறேன். அந்த ஆண்டுக்குப் பிறகு அதை அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

பெரிய மருத்துவமனை ஒன்றின் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. யாருக்குக் கணினி திறக்கவில்லை என்றாலும் அவளுக்குத்தான் போன் வரும். அதனால் ஐந்து மாடிக்கும் அவள் 'பாஸ்வேர்ட் அக்கா'. போனிலேயே முடிகிற வேலைக்கும் நேரில் போவாள். புதிய பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, "இப்போ வெளிய வாங்க. என் கண்ணு முன்னாடி மறுபடி உள்ள போங்க" என்பாள். அது திறந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த மேஜையை விட்டு நகர்வாள்.

"டாக்டரே ஊசி போட்டுட்டுப் போயிடறாரு. நீங்கதான்கா வலி போச்சான்னு நின்னு பாத்துட்டுப் போறீங்க" என்று மூன்றாம் மாடி நர்ஸ் கிண்டல் செய்வாளாம்.

அந்த ஆண்டு, மருத்துவமனைக் கணினிகளை இணையத் திருடர்களிடமிருந்து காக்கிற குழுவில் ஓர் இடம் காலியானது. அந்த வேலைக்கு வருகிறவர் கணினிகளுக்குள் புகத் தெரிந்தவர் என்று காட்டும் சான்றிதழ் வேண்டும். பிரிவுத் தலைவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"டிசம்பர் கடைசி வரைக்கும் அந்த நாற்காலிய யாருக்கும் குடுக்காம பாத்துக்கறேன்மா. அதுக்கு மேல என் கையில இல்ல."

பதினாறு ஆண்டுகளாக அடுத்தவர் மறந்ததை நினைவூட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த நாற்காலி எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை, அன்று சாயந்திரம் அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றபோது நான் பார்த்தேன்.

தேர்வு இப்படி. கேள்வித்தாள் கிடையாது. எங்கோ ஐந்து கணினிகள் இருக்கும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நம் வீட்டிலிருந்தே அவற்றுக்குள் புக வேண்டும். அக்கா அவற்றை வீடுகள் என்பாள். "முதல்ல எப்படியாவது வாசலைத் தாண்டணும். அப்புறம் அந்த வீட்டுக்கே சொந்தக்காரி ஆகணும்." ஒவ்வொரு வீட்டின் உள்ளறையிலும் ஒரு சீட்டு இருக்கும். அதிலுள்ள நீளமான எண்ணை எடுத்து வந்து தேர்வுப் பக்கத்தில் இட்டால் இருபது மதிப்பெண். எழுபது எடுத்தால் தேர்ச்சி. மறுநாள் புகுந்த வழியைப் படங்களோடு ஓர் அறிக்கையாகவும் அனுப்ப வேண்டும்.

"வீட்டு சாவிய ஆபீஸ்ல விட்டுட்டு வாசல்ல நிக்கறவ, அடுத்தவன் வீட்டுக்குள்ள புகப்போறாளாம்" என்றார் மாமா. அவர் அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுகிறவர்; நாங்கள் மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். எதையும் ஒரு தரம் கேலி செய்த பிறகுதான் உதவிக்கு வருவார்.

"உங்களுக்கென்ன, பிரேக் போடத் தெரிஞ்சா போதும். வாயையும் சேர்த்துப் போடுங்க."

ஜூலையில் முதல் தேர்வு. எங்கள் வீட்டில் கதவு சாத்த முடிந்த ஒரே அறையில், கண்ணாடி வைத்த அலங்கார மேஜையில் லேப்டாப்பை வைத்தாள். கேமரா வழியாகக் கண்காணிப்பவர் கண்ணாடியை மூடச் சொன்னதால் அதன்மேல் போர்வை தொங்கியது. காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. நானும் மாமாவும் நிலைப்படிக்கு வெளியே தண்ணீரும் சாப்பாடும் வைத்துவிட்டு விலகிக்கொள்வோம். பொழுது சாய்ந்து மாமா கூடத்தில் படுத்ததும், அறையில் வேறு யார் பேசுவது என்று கண்காணிப்பவர் எழுதிக் கேட்டாராம். பேச்சில்லை, என் கணவரின் குறட்டை என்று அக்கா பதில் எழுதியிருக்கிறாள்.

ஐந்து வீட்டையும் திறந்துவிட்டாள். மறுநாள் காலை வெளியே வந்தவளின் கண்கள் வீங்கியிருந்தன. "அஞ்சும்டா தம்பி" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிப்போனாள்.

பத்தாம் நாள் மெயில் வந்தது. நூற்றுக்கு நாற்பது. தேர்ச்சி இல்லை. காரணம் கேட்டு எழுத வேண்டாம் என்று கீழே ஒரு வரி.

அவள் அழவில்லை. மெயிலை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தாள். "வேற யாருக்கோ வர வேண்டியது எனக்கு வந்திருக்குமோ?" என்றாள். மேலே அவள் பெயர்தான் இருந்தது. தோற்றது கூட அவளுக்குப் பெரிதாக இல்லை. திறந்த கதவைத் திறக்கவில்லை என்கிறார்களே, அது எப்படி என்பதுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அஞ்சையும் கண்ணால பாத்தேனே" என்பாள். பேருந்துக்குப் பணம் கொடுக்கும்போதும் அதையே முணுமுணுத்தாளாம். மருத்துவமனையிலிருந்து யாராவது போனில் கேட்டால் "இன்னும் வரல" என்று சொல்லி வந்தாள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு வாரம்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேர்வு நாளில் மணி வாரியாக எழுதி வைத்த நோட்டை என் மடியில் போட்டாள். "நீ படி. உனக்கு ஒண்ணும் தெரியாது, அதனாலதான். எங்க புரியலையோ அங்க நிறுத்து."

எல்லா இடத்திலும்தான் நிறுத்தினேன். ஓர் இடத்தில், "மூணாவது வீடு, மறுபடி முதல்லேர்ந்து" என்றிருந்தது.

"இது என்னக்கா?"

"அந்தக் கம்ப்யூட்டர பழையபடி ஆக்கிட்டு, நான் எழுதி வச்ச வழியிலயே திரும்ப உள்ள போனேன். வழி சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?"

"அதான் முதல்லயே உள்ள போயிட்டியே?"

"போனேன். எழுதினது சரியான்னு எப்படித் தெரியும்?"

"எத்தன வீட்டுக்கு அப்படிப் பண்ண?"

"மூணு. மத்த ரெண்டுக்கு நேரம் இல்ல."

சொல்லும்போதே அவள் முகம் மாறியது. பழையபடி ஆக்கினால் வீட்டோடு சீட்டும் புதிதாகிவிட்டிருக்குமோ? அவள் முதலில் எடுத்த எண்ணை இட்டுவிட்டுத்தான் சரிபார்க்கப் போயிருந்தாள். அப்படியென்றால் சரிபார்த்த மூன்றும் செல்லாது. சரிபார்க்காத இரண்டுக்கு நாற்பது. கணக்கு சரியாக வந்தது. விதிப் புத்தகத்தை இரண்டு பேரும் புரட்டினோம். சீட்டு மாறும் என்றும் இல்லை, மாறாது என்றும் இல்லை.

"ஒழுங்கா பாத்ததுக்காகவா தோத்தேன்?" என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம். தினமும் வேலைக்குப் போவதற்கு முன் இரண்டு மணி நேரம் பயிற்சிக் கணினிகளைத் திறப்பாள். மாமா டியூட்டிக்குக் கிளம்பும்போது தேநீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னிக்கு யார் வீடு?" என்று கேட்டுவிட்டுப் போவார். திறப்பது அவளுக்குச் சிரமமாக இல்லை. திறந்த பின் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போவதுதான் ஆகவில்லை. விரல்களை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் முகம் மலர, "மூணு வீடு, ஒண்ணையும் திரும்பிப் பாக்கல" என்று வந்தாள். அடுத்த நாள் பழைய குருடி கதவைத் திறடி.

நவம்பரில் இரண்டாம் தேர்வு. அதே மேஜை, அதே போர்வை. இந்த முறை வீடுகள் கடினம். விடியும்போது நான்குதான் திறந்திருந்தாள். எண்பது. ஐந்தாவது அசையவே இல்லை. எட்டரைக்குக் கதவுக்கு வெளியே தேநீரை வைத்தேன். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டது. அரை மணி கழித்து வெளியே வந்தவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"பண்ணிட்டேன்டா."

"என்ன?"

"ரெண்டாவது வீட்ட பழையபடி ஆக்கிட்டேன். அறிக்கைக்கு எடுத்த ஒரு படத்துல பாதி வரி தெரியல. சும்மா ஒரு தடவ பாத்துடலாம்னு. உள்ள போறதுக்குள்ள நேரம் முடிஞ்சு அவங்களே துண்டிச்சிட்டாங்க."

எங்கள் கணக்குப்படி இருபது போயிற்று. மிச்சம் அறுபது. பத்து குறைவு. மாமா வாயைத் திறக்கப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அறிக்கையை மட்டும் விடாமல் எழுதி அனுப்பினாள். எதற்கு என்று கேட்டேன். "ஆரம்பிச்சுட்டேன்ல" என்றாள்.

டிசம்பர் முதல் வாரம் மெயில் வந்தது. நூற்றுக்கு எண்பது. தேர்ச்சி.

மாமா கைதட்டினார். அக்கா போனை என்னிடம் நீட்டி, "நீ படி. எனக்குப் புரியல" என்றாள். படித்தேன். எண்பதுதான்.

"அப்போ சீட்டு மாறலயா?"

"மாறலன்னுதான் தெரியுது."

"அப்போ முதல் தடவ ஏன்டா?"

விதியை இடையில் மாற்றினார்களோ, அவள் படங்களில் ஏதாவது குறையோ, எங்கள் கணக்கு தற்செயலாகப் பொருந்தியதோ. அன்று மாலை முழுக்க அதையே உருட்டினோம். மாமாவுக்குப் பொறுமை போயிற்று. "தோத்தப்பவும் ஏன், ஜெயிச்சப்பவும் ஏன். நீ என்ன வக்கீலா?"

மறுநாள் தேர்வு நடத்துகிறவர்களுக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். இரண்டாவது கணினியில் தான் செய்ததை மணியோடு சொல்லி, தவறுதலாக மதிப்பெண் தந்திருந்தால் திருத்தும்படி கேட்டிருந்தாள். அனுப்பிய பிறகுதான் எங்களிடம் சொன்னாள். மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நாற்காலிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் அவள் எத்தனை முறை மெயிலைத் திறந்திருப்பாள் என்று சொல்ல முடியாது. பதில் வரவே இல்லை.

வருடத்தின் கடைசி வேலை நாளன்று சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனாள். உறையை நீட்டவில்லை. முதல் தேர்வு, சீட்டு, இரண்டாம் வீடு, பதில் வராத கடிதம் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லியிருக்கிறாள். அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாராம்.

"அதெல்லாம் சரிம்மா. இப்போ நீங்க பாஸா, இல்லையா?"

"தெரியல சார். பாஸ்னு போட்டிருக்கு."

"அப்போ திங்கட்கிழமை அந்த டீம்ல வந்து உக்காருங்க."

சாயந்திரம் வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னபோது, அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். "உக்காரச் சொல்லிட்டாரு" என்றாள், யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வது போல. ஒன்பது ஆண்டுகள் அங்கே உட்கார்ந்தாள்.