ஸ்கேன் ரூமில் மூஞ்சியை எங்கே வைப்பது

எங்கள் படிப்பில் கண்ணுக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையே கிடையாது. மெஷினைத் தயார் பண்ணலாம், அளவை டைப் அடிக்கலாம். என்ன தெரிகிறது என்று சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. இமேஜிங் படிக்கும் தங்கங்களே, "இதைக்கூடச் சொல்லத் தெரியாம என்னத்தப் படிச்சே?" என்று பேஷண்டுகளிடம் நீங்களும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு சொம்புத் தண்ணீர்

கடைசி வருசம் எனக்கு அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பயிற்சிக்குப் போஸ்டிங். அங்கே வந்தவர்தான் சுகந்தி அக்கா. வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறவர். கல்யாணமாகி ரொம்ப வருசம் கழித்து உண்டான முதல் கர்ப்பம் மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. இது இரண்டாவது.

ஆரம்ப மாத ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தோம். இந்த அக்கா வீட்டிலேயே ஒரு சொம்பு குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். வந்து சேர்ந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், பாவம். இங்கே வந்து குடித்திருக்கலாமே என்றேன்.

"லேட்டானா டாக்டரம்மா கெளம்பிருவாங்கன்னுதான் சாமி. கொழந்தைக்காக அடக்க மாட்டனா?"

அன்றைக்குக் குழந்தையின் இதயம் துடித்தது. எனக்கும் சந்தோசம்தான், நாசூக்காக ஜெல்லைத் துடைத்துவிட்டேன்.

எல்லோரும் கேட்பது

ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என சுவர் முழுக்க எழுதி ஒட்டியிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு, அதன் கீழேயே நின்று, "ஜாடையாச் சொல்லு போதும்" என்பார்கள். எரிச்சலாக வரும். ஐந்தாம் மாதம் சுகந்தி அக்கா வாயைத் திறந்ததும், இவருமா என்று நினைத்தேன்.

"எதுவா இருந்தாலும் சேரிங்க. உசுரோட இருக்குதான்னு மட்டும் டாக்டரம்மாவைச் சொல்லச் சொல்லுங்க."

கீபோர்டு

எட்டாம் மாதம் நாள் குறிக்காமலே வந்தார். காலையிலிருந்து அசைவே தெரியவில்லை என்றார். டாக்டரம்மா கருவியை வைத்துப் பார்த்தார். வழக்கமாக அளவுகளை வரிசையாகச் சொல்வார், நான் அடிப்பேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பார்த்தார். எனக்கும் தெரிந்துவிட்டது. இதயம் நின்றிருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் பேஷண்ட் திரையைப் பார்க்க மாட்டார், உங்களைத்தான் பார்ப்பார். கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொள்ளுங்கள் என்று காலேஜில் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். குனிந்துகொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே அக்கா என்னிடம் கேட்டார்.

"இத்தன நாளும் என்னப் பாத்துத்தான சாமி டைப் அடிச்சே, இன்னிக்கு மட்டும் ஏன் குனிஞ்சுக்கற?"

குழாயடி

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விசயத்தைச் சொன்னார். அக்கா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவர் வயிற்றைத் துடைக்கும்போது என்னால் முடியவில்லை, துணியை வைத்துவிட்டு அறை ஓரத்திலிருந்த குழாயடிக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதேன். அவரே துடைத்துக்கொண்டு, சேலையைச் சரி செய்துகொண்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழாயைத் திறந்துவிட்டார்.

"மூஞ்சியக் கழுவிட்டு வெளிய போ சாமி, அங்க ஒருத்தி வவுத்துப் புள்ளயோட உக்காந்திருக்கறா, உன்னப் பாத்தாப் பயந்துக்குவா."

எல்லாப் பேப்பரிலும் தேறி டிகிரி வாங்கிவிட்டேன், இந்த மூஞ்சியில் மட்டும் எனக்கு இன்னும் அரியர்தான்.