முதல் குடத்துக்கு ஒரு கூட்டணி

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் பால்குடம் யார் தலையில் போகிறதோ, அவள் பால்தான் அம்மன் மேல் முதலில் விழும். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு அவளுக்கு வேறு பெயரே கிடையாது, 'மொத கொடத்தம்மா'தான். பாசாரில் மீன் வாங்கப் போனால்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் குடத்தின் மேல் ஒரு கண். அப்போது அது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டம்மாவுக்கு மட்டும் என்று இருந்தது. தோட்டம் கைமாறி, நாங்கள் குருபோங் தாமானில் வரிசை வீடுகளுக்குக் குடிவந்து, கோயிலையும் கூடவே கொண்டுவந்த பிறகு கிராணியும் இல்லை, கிராணி வீட்டம்மாவும் இல்லை. நிர்வாகக் குழு பார்த்து யாருக்குக் கொடுக்கிறதோ அவளுக்கு.

முன்பெல்லாம் குழுத் தேர்தலில் ஜெயித்த அணிக்கே எல்லா இடமும். தோற்றவர்கள் வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஒரு வருஷம் கோபித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் தனிப்பூசையே போட்டார்கள். இந்தக் கூத்துக்கு முடிவு கட்டுகிறேன் என்று தாமானில் இருந்த ஒரு வக்கீல் புது விதி எழுதிக் கொடுத்தார். மொத்தம் பதினோரு இடம்; எந்த அணிக்கு எவ்வளவு ஓட்டு விழுகிறதோ, அதற்குத் தக்கபடி இடம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பொதுக்கூட்டத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் நான்தான். அன்றைக்கு அந்தக் கைக்கு ஏதாவது சுளுக்குப் பிடித்திருக்கக் கூடாதா!

போட்டியிட்டது மூன்று அணி. ஒன்று என்னுடையது. இன்னொன்று லாரி வைத்து ஓட்டும் ஓர் அண்ணனுடையது. மூன்றாவது அணிக்குத் தலைவி யார் தெரியுமா? என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி.

அவளைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். என்னைவிட எட்டு வயது சின்னவள். கிளேபாங்கில் சாலையோரம் வடைக் கடை போட்டிருக்கிறாள். நாளெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவளுக்கு முகம் எப்படி அப்படி மினுங்கும்? நான் குளிர்சாதனம் போட்ட ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், எனக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் புருஷன் அவளுக்குத் துணி மடித்து வைக்கிறான். என்னுடையவருக்குத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே தெரியாது. அவள் வந்து சிரித்தால் வீடே சிரிக்கும். எனக்கு வயிறு எரியும். எரிந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஓட்டு எண்ணினார்கள். எனக்கு ஐந்து இடம், லாரி அண்ணனுக்கு நான்கு, அவளுக்கு இரண்டு. கூடப் பிறந்தவர்கள், சித்தி மக்கள், வடை வாங்கித் தின்றவர்கள் என்று அவளுக்கு ஓட்டுப் போட்டது அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்றே மஞ்சள் புடவை எடுக்கப் போனேன். ஆறு பேர் இருந்தால்தான் குழுவை நடத்த முடியும் என்பது புடவைக் கடையில்தான் உறைத்தது.

மறுநாள் கிளேபாங் போனேன். வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே வரவேற்றாள்.

"வாங்கக்கா. லாரி அண்ணன் இப்பதான் வந்துட்டுப் போனாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு வந்தாரு?"

"வட சாப்பிடத்தான்" என்று சிரித்தாள். "நான் ஒங்ககூடவே சேந்துக்கறேன்க்கா. தலைவி நீங்களே இருங்க. எனக்கு மொத கொடம் மட்டும் போதும்லா."

"ரெண்டு சீட்ட வெச்சுக்கிட்டு மொத கொடமா?"

"ரெண்டுதான்க்கா. அந்த ரெண்டு இல்லாம ஒங்க அஞ்சு என்ன பண்ணும்?"

என்ன பண்ணும்? ஒன்றும் பண்ணாது. சரி என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த வடையையும் தின்றுவிட்டு வந்தேன். பாழாய்ப் போன வடை, ருசியாக வேறு இருந்தது.

வீட்டில் வந்து கொட்டித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாட்டுலயே இப்ப அதான நடக்குது? சின்னக் கட்சி கை குடுக்காம எவன் ஆட்சி அமைக்கிறான்?" என்றார்.

"தம்பி பொண்டாட்டிய ஒரு நாளாவது விட்டுக் குடுத்திருக்கீங்களா நீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தலைவி நான்தான். அடைத்துக்கொண்ட சாக்கடை எனக்கு, ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி எனக்கு, அன்னதானத்தில் சாம்பார் தண்ணியாக இருந்ததற்கு வாங்கிய வசவு எனக்கு. குழுவில் நான் ஏதாவது சொல்லி அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். தேநீர் இடைவேளையில் லாரி அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பிஸ்கட் தின்பாள். அவ்வளவுதான். இடைவேளை முடிந்ததும் நானே அந்தத் தீர்மானத்தை மாற்றிக்கொள்வேன். திருவிழா அன்று அவள் முதல் குடத்தோடு முன்னால் போனாள். அவள் பெயரை மைக்கில் மூன்று தடவை அறிவித்தவள் நான். தொண்டை கட்டிக்கொண்டது, நான் கட்டிய மஞ்சள் புடவையை யாரும் பார்க்கவில்லை.

இத்தனை நாள் பெரிய அணி பெரிய அணி என்று மாரடித்தது மடத்தனம் என்று அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. குடம் சின்ன அணியிடம்தான் போகிறது. அடுத்த தேர்தலுக்கு யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். என் அணியைக் கலைத்தேன். "புது ஆளுங்க வரட்டும், எனக்கு முடியல" என்று சொல்லிவிட்டு, எங்கள் சந்தில் இருக்கும் நாலு வீட்டை மட்டும் சேர்த்துக்கொண்டு சின்னதாக நின்றேன். இரண்டே இரண்டு இடம் போதும், மற்றவர்கள் என் வாசலுக்கு வரட்டும்.

பெயர் கொடுக்கும் நாளில் கோயிலுக்குப் போனால், எனக்குப் பொருளாளராக இருந்த டீச்சர் தனி அணி. லாரி அண்ணன் மச்சினனோடு பிரிந்து ஆளுக்கு ஓர் அணி. "முடியலன்னு சொன்னீங்க?" என்றார் டீச்சர். "ஒங்களுக்கு மட்டும் முடியுதாக்கும்?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஒட்டுமொத்தத் தாமானுக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது. அவள் மட்டும் எதையும் கலைக்கவில்லை. அதே சொந்தக்காரர்கள், அதே வடை.

எண்ணி முடித்தார்கள். எங்கள் நான்கு அணிக்கும் ஆளுக்கு இரண்டு. அவளுக்கு மூன்று. ஆத்தாடி, குழுவிலேயே பெரிய அணி அவளுடையது!

என் கணக்கு முழுசாகத் தப்பவில்லை, ஆள் தேடி என் வாசலுக்கு வந்தார்கள். வந்தது அவள். கையில் சுடச்சுட வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "மொத கொடம் எனக்கு வேணும். இல்லாட்டி நான் வர மாட்டேன்" என்றேன். எப்படிப் பேரம் பேசுவது என்று ஒத்திகையே பார்த்து வைத்திருந்தேன்.

"ஒங்களுக்குத்தான்க்கா. இதக் கேக்கவும் வேணுமா?" என்றாள். கொஞ்சமாவது இழுத்திருக்கக் கூடாதா? டீச்சரையும் போய்ப் பார்த்துப் பேசி, ஏழு பேரோடு தலைவியாகிவிட்டாள்.

திருவிழா வந்தது. புது மஞ்சள் புடவை, தலையில் முதல் குடம், எனக்குப் பின்னால் இருநூறு பேர். உருமி அடித்தது. கால் சுட்டது, தெரியவில்லை. கோயில் வாசலில் தலைவிதான் முதல் குடத்தம்மாவின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது எங்கள் வழக்கம். போன வருஷம் அவளுக்கு நான் எட்ட நின்று சொம்பைக் கவிழ்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அவள் தார் ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, என் பாதத்தை இரண்டு கையாலும் தேய்த்துக் கழுவினாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்த தாரைக்கூட நகத்தால் எடுத்தாள். முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்து, "சூடா இருந்துச்சாக்கா?" என்றாள்.

"தலைவின்னா இப்படி இருக்கணும்லா" என்று ஒரு குரல். "எவ்ளோ பணிவு பாத்தியா!" என்று இன்னொன்று. போனை எல்லாம் கீழே அவள் பக்கம் பிடித்துப் படம் எடுத்தார்கள். படத்தில் நான் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் விழுந்திருப்பேன்.

உள்ளே போனேன். குருக்கள் குடத்தை வாங்கினார். என் பால் அம்மன் தலையில் முதலில் விழுந்தது. விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் அப்போது வாசல் பக்கம் திரும்பி, அவளைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.