ஆள் ஏற்றக் கூடாத பலகை

உப்பு மூட்டை ஏற்றி ஏற்றி எங்கள் டிராக்டர் டிரெய்லரின் தளம் சல்லடையாகிப் போயிருந்தது. அடியில் ஓடும் ரோட்டை மேலே உட்கார்ந்தபடியே பார்க்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

புதுத் தளம் எதில் போடுவது என்று அப்பாவும் என் தாய்மாமாவும் ஒரு வாரம் பேசினார்கள். டிராக்டரை ஓட்டுகிறவர் மாமாதான். இரும்புத் தகடு போட்டால் செய்யூர் உப்பளத்துக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது. சவுக்கு முறுக்கிக்கொள்ளும். வேம்பில் ஆணி அடித்தால் பிளக்கும் என்றார் அப்பா. தேக்கு என்ற சொல்லை மாமா ஒருமுறைதான் சொன்னார். அப்பா பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கிவிட்டார்.

"படகுப் பலக போடலாம் மச்சான். உப்புத் தண்ணியிலயே பொரண்ட மரம். நம்ம உப்பு அத இன்னா பண்ணிடும்?" என்றார் மாமா.

இதைவிடக் கெட்டிக்கார யோசனை எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

டிராக்டரில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஒரு குப்பத்தில் பழைய படகு ஒன்று விலைக்கு வந்தது. நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது பத்து வயது. கரையில் கிடந்த மற்றப் படகுகளின் மேல் வலை காய்ந்தது, பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள். இது மட்டும் தள்ளிக் கிடந்தது. மேலே காக்கை எச்சம்கூட இல்லை. இதன் சொந்தக்காரர் தனியாகக் கடலுக்குப் போனவராம். மூன்றாம் நாள் படகு மட்டும் தானாகவே கரைக்கு வந்ததாம். விற்றது அவருடைய மனைவி. விறகு விலைதான் கேட்டாள்.

அப்பாவும் மாமாவும் கடப்பாரையால் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது அவள் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குனிந்து காதருகே சொன்னாள்.

"ஒங்க நைனாகிட்ட சொல்லிடு பாப்பா. இதுல மூட்ட ஏத்துங்க, கல்லு ஏத்துங்க. ஆள மட்டும் ஏத்தாதீங்க. ஆளுங்க குந்தினா அதுவும் வந்து குந்தும்."

எது என்று கேட்க வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்லவே இரண்டு முறை பெயர் கூப்பிட வேண்டிய பிள்ளை நான். தலையை மட்டும் ஆட்டினேன். வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது. மறுநாள் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்கள். அந்தப் பயத்திலேயே நாள்கள் போயின.

பலகை அழகாகப் பொருந்தியது. நெல், வேர்க்கடலை, செங்கல் எல்லாம் போய் வந்தன. ஒன்றும் ஆகவில்லை. பிறகு மாசி மகம் வந்தது.

மாசி மகத்துக்கு எங்கள் தெருவே டிரெய்லரில் ஏறிக் கடலுக்குப் போகும். அந்த வருஷம் அம்மா ஏழு மாதம். எனக்கு அடுத்து வந்த இரண்டும் தங்கவில்லை. இதையாவது காப்பாற்றிக் கொடு என்று கடலில் காலை நனைத்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். எப்போதும் போகிற கரையில் கூட்டம் நெரியும், படகு வாங்கிய குப்பத்துக்கே போகலாம் என்றார் மாமா. அப்பாவும் சரியென்றார்.

மாமாவுக்கு ஒரு வழக்கம். ஏறும்போதும் வழியில் நிறுத்தும்போதும் தலை எண்ணுவார். ஒரு திருவிழாவில் ஒருவரை விட்டுவிட்டு வந்து ஊரெல்லாம் திட்டு வாங்கியதிலிருந்து இப்படி. அன்று காலை இருபத்திரண்டு பேர். டீக்கடையில் நிறுத்தி, யாரும் இறங்கும் முன் எண்ணினார். இருபத்து மூன்று.

"எவன்டா அது, நடுவுல ஓசில ஏறிக்கினவன்?"

"ஒனக்கு எப்ப எண்ண வந்துது அண்ணாத்த? அஞ்சாங்கிளாசுல எத்தினி வருசம் குந்துன?" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே மறுபடி எண்ணினார். பிறகு அப்பா எண்ணினார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எண்ணினால் இருபத்திரண்டு. பெயர் சொல்லாமல் எண்ணினால் இருபத்து மூன்று. சிரிப்பு நின்றுவிட்டது.

"வெயிலு" என்று சொல்லிவிட்டு மாமா வண்டியை எடுத்தார்.

கொஞ்ச தூரத்தில் அம்மா புடவையைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாடி இது, ஈரமா கீது?"

அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அவ்வளவு நெரிசலிலும் யாரும் அதில் நகர்ந்து உட்காரவில்லை. அங்கே பலகை நனைந்திருந்தது. ஈரம் அம்மா பக்கமாகப் பரவிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி, கத்தி.

அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டிரெய்லரின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அறைந்தாள். "நிறுத்துடா! டேய், நிறுத்து!"

எல்லோரும் இறங்கினோம்.

"சின்னப் புள்ள பேச்சக் கேட்டுகினு இந்த ஒடம்போட நடக்கப் போறியா அக்கா?"

"நடக்கறேன்டா. நீ ஓட்டிகினு வா."

அப்பா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த இரண்டு மைலையும் நடந்தோம். வெறும் டிரெய்லர் ரோட்டில் தடதடவென்று குதித்துக்கொண்டு வரும். அன்று பாரம் ஏற்றியதைப் போல அமைதியாக எங்கள் பின்னால் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குப்பத்தில் அந்தப் பெண் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, டிரெய்லரைத்தான் பார்த்தாள்.

"தூரத்து ஊருன்னுதானே குடுத்தேன்" என்றாள் அம்மாவிடம். குரலில் கோபம் இல்லை. "ஏம்மா திரும்ப இட்டாந்தீங்க?"

பிறகு வாசலை விட்டு ஒதுங்கி, ஒரு கையைத் தூக்கிக் கன்னத்தை மறைத்தபடி தலைகுனிந்து நின்றாள். யாரோ உள்ளே போகும் நேரம் நின்றாள். அப்புறம் தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும்போது மாமா நான்கு முறை எண்ணினார். நான்கு முறையும் இருபத்திரண்டு. பலகை காய்ந்திருந்தது. வைகாசியில் தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அதே பலகையில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஏறிப் போனார்கள், ஒரு தலைகூடக் கூடவில்லை.

அன்று வழியெல்லாம் அம்மா குப்பம் இருந்த திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள், அந்தச் சாத்திய கதவையே நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் மட்டும் சந்தோஷமாக வந்தேன். பாவம், அந்த அக்காவுக்கு வீட்டுக்காரர் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று.