பெரிய டீச்சர் போட்ட மயில்துத்தம்

என் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. ஊறுகாய் போடுகிற பெரிய ஜாடிதான். உட்புறம் முழுக்கப் பச்சைப் பசேலென்று பாசி பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். கழுவி வைக்கக் கூடாதா என்று புத்தி சொல்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். சுத்தம் சுத்தம் என்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாமல் போனதற்குக் காரணம், சங்கரன்கோவிலில் எனக்குத் தலைமையாசிரியையாக இருந்த பெரிய டீச்சர்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தேன். நான் தூத்துக்குடிக்காரி. கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்குக் கடல் உயிர்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டி அலுத்துப்போய், தச்சரிடம் சொல்லி ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி செய்வித்தேன். ஊரிலிருந்து கடல்தண்ணீரும் ஒரு பாறைத்துண்டும், அதில் ஒட்டியிருந்த கடல்சாமந்தியும் கொண்டுவந்து வைத்தேன். பெயர்தான் சாமந்தி, அது பிராணி. இதழ் போன்ற கைகளை விரித்து இரையைப் பிடித்துத் தின்னும். ஊறவைத்த இறால் துணுக்கை அது விழுங்கியதைப் பார்த்து கரிவலம்வந்தநல்லூர்ப் பெண் ஒருத்தி, "ஏட்டி, இது திங்குதுட்டி!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. சில மாதங்களில் அதன் காலடியில் கடுகளவு குட்டி ஒன்று முளைத்தது. அன்று முதல் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் முதலில் ஓடியது தொட்டியிடம்தான்.

தொட்டியை வகுப்பின் வெயில் படாத மூலையில் வைத்திருந்தேன். வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்று பெரிய டீச்சர் அதை ஆபீஸ் ஜன்னலோரம் தூக்கி வைக்கச் சொன்னார். மாலை வெயில் நேராக அடிக்கிற இடம். வேண்டாம், பாசி பிடிக்கும் என்றேன். "நீ படிச்ச புள்ளதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஸ்கூல நடத்துதது நான்" என்றார். கொஞ்ச நாளில் கண்ணாடி பச்சையாகி, பாறையில் தலைமுடி போலப் பாசி தொங்கியது. வெயிலை மறைக்கத் துணி போட்டேன். அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டார். ஈர்க்குச்சியால் சுரண்டினேன், இரையைக் குறைத்தேன். பாசி மட்டுப்பட்டது. இனிப் பழைய தண்ணீரில் பாதியை மாற்றினால் போதும், திங்கட்கிழமை பள்ளியைப் பார்வையிட அதிகாரி வருவதற்குள் சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை, இப்போது என் ஜன்னலில் இருக்கிற இதே ஜாடி நிறையக் கடல்தண்ணீரை மடியில் ஏந்தி, கோவில்பட்டியில் பஸ் மாறி, பாதிச் சேலை நனைந்தபடி பள்ளிக்குள் நுழைந்தேன். தொட்டியில் பாசியே இல்லை. தண்ணீர் லேசான நீலத்தில் மின்னியது. பெரிய டீச்சர் பூரித்துப்போய் நின்றார்.

"பாத்தியா, எப்படித் தெளிஞ்சிட்டு! எங்க கெணத்துக்கு வருசாவருசம் மயில்துத்தந்தான் போடுதோம். பாசி இருந்த எடம் தெரியாது."

குனிந்து பார்த்தேன். கடல்சாமந்தி கைகளெல்லாம் சுருங்கி, பாறையை விட்டுக் கழன்று, சளி போலக் கிடந்தது. குட்டி இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

"செத்துப்போச்சு டீச்சர். மயில்துத்தத்துல செம்பு இருக்கு. இதுக்கு அது வெஷம்" என்றேன்.

"செத்தா என்ன? வேற ஒண்ணு கொண்டாந்தாப் போச்சு. உங்க ஊர்க் கடல்ல இல்லாததா?"

அதைக் கரண்டியால் அள்ளி வெளியே வீசச் சொன்னார். அதிகாரி வந்தார். வெறும் கல் கிடந்த தொட்டியைக் குனிந்து பார்த்து, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் பெரிய டீச்சர், பாசி பிடித்ததால் கடல்சாமந்தி செத்துவிட்டது என்று பிள்ளைகளிடம் வாய்கூசாமல் சொன்னார். நான் நேராக வகுப்புக்குப் போய், பாசி எதையும் கொல்லவில்லை, மயில்துத்தம்தான் கொன்றது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் சேதி அவர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் விஞ்ஞானத்தைப் பிடுங்கிக்கொண்டு எனக்குத் தையல் வகுப்பு கொடுத்தார். தொட்டியில் காகிதப் பூக்களைச் சொருகி ஆபீஸிலேயே வைத்துக்கொண்டார்.

அவர் போய்ச்சேர்ந்து வெகுகாலமாகிறது. செத்துப்போனவர்மேல் இன்னும் என்ன கோபம் என்று என் தங்கை கேட்கிறாள். இருக்கிறதே, நான் என்ன செய்ய?

போன வாரம் பனவடலிசத்திரத்துப் பெண் ஒருத்தி வீட்டுவேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே ஜாடியைக் கழுவத் தூக்கிவிட்டாள். "கை வைக்காத!" என்று அலறினேன். அவள் பயந்துபோய்க் கீழே வைக்கப் போனவள், ஒரு கணம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உள்ள ஏதும் உசுரு கெடக்காம்மா?"

ஒரு குளத்து நத்தை கிடக்கிறது; அந்தப் பாசியைத்தான் மேய்கிறது. அதைச் சொல்லிவிட்டு ஜாடியை அவளிடமிருந்து வாங்கி மறுபடி ஜன்னலில் வைத்தேன். மயில்துத்தப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் பெரிய டீச்சரும் இப்படி ஒருதரம் உள்ளே பார்த்திருக்கலாமே, பாவி மனுஷி.