கிட்டே வந்தால் சன்னமாகும் அழுகை

நான் பிலிப்பைன்ஸுக்குப் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் அந்த நாட்டுப் பேய் பிசாசுகளை எல்லாம் திருப்பதிப் பக்கத்துப் புத்தூரில் ஒரு படுக்கையறைக்குள் உட்காரவைத்துத் தமிழ் பேசவைத்தவள் நான். கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

எல்லாவற்றுக்கும் என் நாத்தனார்தான் காரணம். இங்கே மெடிக்கல் சீட் கிடைக்காத பிள்ளைகள் பலர் போவதுபோல அவளும் பிலிப்பைன்ஸில் தாவோ என்ற ஊருக்குப் போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தாள். இப்போது திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. லீவு நாளில் வீட்டுக்கு வந்தால் ஆஸ்பத்திரி விஷயம் வாயிலேயே வராது. தாவோவில் அவள் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் சொன்ன கதைகளைத்தான் அவிழ்த்துவிடுவாள். நான் ஏற்கெனவே சென்னையிலிருந்து நடக்கும் ஓர் ஆடியோ ஆப்புக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜா ராணிக் கதைகளைச் சொல்லிச் சொல்லி எனக்கே கொட்டாவி வந்துகொண்டிருந்த சமயம். பிலிப்பைன்ஸ் கதைகளை இந்தக் காலத்து ஆட்களுக்கு ஏற்றபடி சொல்லலாமா என்று கேட்டேன். ஆப்பின் ஆசிரியர் மறுபேச்சில்லாமல் சரி என்றார்.

முதல் கதை உலகம் பிறந்த கதை. ஆதியில் மேலே வானம், கீழே கடல், நடுவில் ஒரே ஒரு பருந்து. பறந்து பறந்து அதற்கு இறக்கை நோகிறது, உட்கார ஒரு கல்கூட இல்லை. யோசித்துப் பார்த்து வானத்துக்கும் கடலுக்கும் சண்டை மூட்டிவிட்டது. கடல் அலையை வீச, வானம் பாறையை வீச, விழுந்த பாறைகள் தீவுகளாயின. அப்பாடா என்று பருந்து உட்கார்ந்தால், ஒரு மூங்கில் மிதந்து வந்து அதன் காலை இடித்தது. எரிச்சலில் கொத்தியது. மூங்கில் பிளந்து ஒரு கணுவிலிருந்து ஆண் வந்தான், இன்னொரு கணுவிலிருந்து பெண் வந்தாள். கலகம் பிறந்தால்தான் நியாயம் பிறக்கும் என்பார்கள். அங்கே கலகத்தில் நிலமே பிறந்துவிட்டது. எனக்கு அந்தப் பருந்தை ரொம்பப் பிடித்தது.

இரண்டாவது, ஏழு நிலவுகளை ஒவ்வொன்றாக விழுங்கிய கடல்பாம்பின் கதை. கடைசி நிலவை விழுங்க வந்தபோது ஜனங்கள் சட்டி பானைகளைத் தட்டி அதை விரட்டினார்கள். கூடத்தில் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், "இது நம்ம ராகு கேதுதானே? காளாஸ்திக்குப் போயி ஒரு பூஜ பண்ணிக்கினு வந்திருந்தா முடிஞ்சிருக்கும். நல்ல பாத்திரத்தப் போயி எதுக்கு நசுக்கினாங்க?" என்றார்.

மூன்றாவது, புற்றுக்குள் குடியிருக்கும் குட்டிக் கிழவனின் கதை. புற்றைக் கடந்து போகிறவர்கள் "தாபி தாபி போ" என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். ஓரமாகப் போகிறோம் சாமி, கோபித்துக்கொள்ளாதே என்று அர்த்தம். என் கணவருக்கு இது ஒட்டிக்கொண்டது. அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மாமியார் அப்போதுதான் துடைத்த ஈரத்தரையைத் தாண்ட, "தாபி தாபி போ" என்பார். மாமியார் துடைப்பத்தை ஓங்குவார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு அப்போது ரொம்ப நாளாகியிருந்தது.

ஏன் என்று சொல்லவேண்டும். அதற்கு முந்தைய வருடம் எனக்கு ஏழாம் மாதத்தில் பிரசவமாகி, குழந்தைக்குப் பிறக்கும்போதே உயிரில்லை. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னது மட்டும் மயக்கத்தில் காதில் விழுந்தது. நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. இப்படிப் பிறந்த பிள்ளையை எரிக்க மாட்டார்கள். ஆண்கள் எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து கால் கழுவிக்கொள்வார்கள். இடம் எதுவென்று பெற்றவளிடம் சொல்லக் கூடாது, பிள்ளைக்குப் பெயரும் வைக்கக் கூடாது.

நான் ஒரே ஒரு தடவை மாமியாரிடம் இடத்தைக் கேட்டேன். "பேரு வெச்சா கூப்புடத் தோணும். எடம் தெரிஞ்சா போவத் தோணும். கூப்புட்டா அது வந்துரும்மா. அப்புறம் அடுத்தது தங்காது. உட்டுரு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். கணவரிடம் கேட்டபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் எந்தக் காலி மண்ணைப் பார்த்தாலும், இதுவா, இதுவா என்று மனசு துழாவும். எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

பெயர் மட்டும் என்னிடம் இருந்தது. ஐந்தாம் மாதத்திலேயே யாருக்கும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நான்காவது கதை தியனாக். பெயரில்லாமல் செத்துப்போன பிள்ளை காட்டில் கிடந்து அழும். பாவம் என்று தூக்கப் போகிறவன் வழி தவறிச் சுற்றிக்கொண்டே இருப்பான். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று அந்த வீட்டுக்கார அம்மாள் சொன்னாளாம். அழுகை பலமாகக் கேட்டால் அது எங்கோ தூரத்தில் இருக்கிறது. கிட்டே வர வரச் சத்தம் சன்னமாகும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆசிரியர் ஃபோனில் சொன்னார்: "மேடம், முடிவு லைட்டா இருக்கட்டும். அவன் சட்டையைக் கழட்டி உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி மாட்டிக்கிறான். அதைப் பார்த்து அது சிரிச்சிடுது. அவன் தப்பிச்சிடறான். மாடர்ன் ஆடியன்ஸுக்கு இது போதும்." அப்படி ஒரு முடிவும் அங்கே உண்டுதான். ஆனால் நாத்தனார் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். யாராவது தைரியமாக நின்று, தன் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அதற்கு ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது அழுகையை நிறுத்தித் தூங்கிவிடும். சட்டையாவது, சிரிப்பாவது! எனக்கு இந்த முடிவுதான் வேண்டும் என்று நினைத்தேன். ஆசிரியரிடம் சரி சரி என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

எங்கள் தெரு பூராவும் பவர்லூம். விடிந்ததிலிருந்து தறிச்சத்தம் சுவரை உலுக்கும். கோடையில் மதியம் கரண்ட் எடுப்பார்கள். அப்போதுதான் தெரு வாயை மூடும். அந்த நேரம்தான் எனக்கு ஸ்டூடியோ. கட்டிலைச் சுற்றிப் போர்வைகளைக் கட்டி, உள்ளே லேப்டாப்பும் மைக்கும் ஹெட்ஃபோனுமாக, வேர்த்து வழிய உட்கார்ந்துகொள்வேன்.

முதல் நாள் பாதிக் கதை சொல்லிவிட்டுப் போட்டுக் கேட்டேன். என் குரலுக்குப் பின்னால் குழந்தை அழுதது. நன்றாக, வீறிட்டு. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். தெரு செத்துக் கிடந்தது. கூடத்துக்கு வந்து, "அத்த, யாரூட்டுலயாவது கொழந்த அழுவுதா?" என்று கேட்டேன்.

"நம்ம தெருவுல ஏது கைக்கொழந்த?" என்றார் மாமியார்.

பதிவை நாத்தனாருக்கு அனுப்பினேன். "அண்ணி, அது ஆட்டுக்குட்டி. வெயில்ல கத்துது. போய்த் தண்ணி குடிங்க" என்று சிரித்தாள். இருக்கலாம். எங்கள் தெருக்கோடியில் ஆடு கட்டுவார்கள்தான்.

மறுநாள் முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தேன். அழுகை இருந்தது. ஆனால் சன்னமாக, போர்த்தி வைத்ததுபோல. கதையில் நானே சொன்ன வரி, என் குரலிலேயே ஹெட்ஃபோனில் ஓடிக்கொண்டிருந்தது: கிட்டே வர வரச் சத்தம் சன்னமாகும்.

அடுத்த நாள் கரண்ட் போனதும் உட்கார்ந்தேன். கொஞ்சம் பேசிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அழுகை இல்லை, ஆடு இல்லை, தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. இத்தனை சுத்தமான பதிவு எனக்கு ஒருநாளும் அமைந்ததில்லை. கட்டியிருந்த போர்வை காற்றில்லாமலே லேசாக ஆடியதா, நான் மூச்சு விட்டதில் ஆடியதா, தெரியவில்லை. பயந்தேன். எழுந்து ஓடவேண்டும் என்று தோன்றியது. அதேசமயம் அங்கிருந்து அசையவும் மனசு வரவில்லை.

மைக்கை மறுபடி ஆன் செய்து கடைசிப் பகுதியைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் காட்டில் நிற்கிறான். சத்தமே இல்லை. பக்கத்தில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிகிறது. குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். கதைக்கு ஏதோ ஒரு பிலிப்பைன்ஸ் பெயரை யோசித்து வைத்திருந்தேன். என் வாயில் வந்தது அது இல்லை.

கூடத்தில் எவர்சில்வர் தட்டு விழும் சத்தம் கேட்டது. போர்வையை விலக்கினால் மாமியார் அறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். "இன்னா பேரு அது? யாரக் கூப்புட்ட?" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. "கூப்புட்டுட்டியேம்மா" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன். அத்தனை மாதம் கழித்து, சத்தம் போட்டு அழுதது அன்றுதான்.

சாயந்திரம் கணவர் வந்ததும் மாமியார், "உன் பொண்டாட்டி அதுக்குப் பேரு வெச்சிக்கினா. கூப்புட்டும் உட்டா" என்றார். கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வண்டில போலாம். எங்கன்னு கேக்காத" என்றார்.

எங்கே என்று கேட்கவில்லை. வண்டி பிச்சாட்டூர் தாண்டி, நாகலாபுரம் தாண்டிப் போனது. அது அவருடைய கம்பெனி பஸ் போகிற ரோடு. ரோட்டை ஒட்டிய மாந்தோப்பில் திரும்பியது. அது எங்கள் குடும்பத் தோப்பு. அந்த வருடம் கூடை கூடையாக வீட்டுக்கு வந்த பழத்தை நான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன். அவர் ஒன்றுகூடத் தொடவில்லை. "சுகர் வந்துரும்" என்றார். முப்பத்தைந்து வயசில் என்ன சுகர் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

ரோட்டோரக் கடைசி மரத்தடியில் நிறுத்தினார். அடையாளம் எதுவும் இல்லை. இடுப்புயரத்துக்கு ஒரு செம்மண் புற்று மட்டும் எழும்பியிருந்தது. "தோண்டின எடத்துலயே வந்துச்சு" என்றார். "பஸ்ஸுல ஜன்னலாண்டதான் குந்துவேன். காலைல ஒருவாட்டி, சாயந்திரம் ஒருவாட்டி பாப்பேன். பாக்கும்போது சொல்லிக்குவேன்."

"இன்னா சொல்லுவீங்க?"

"தாபி தாபி போ."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் தினம் தினம் பார்த்திருக்கிறார், நான் மட்டும் ஊர் மண்ணையெல்லாம் துழாவிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் அடங்கிவிட்டது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது மாமியார் ஒரு சின்ன பாட்டிலை என் பையில் வைத்திருந்தார். "பாலு. புத்துக்கு ஊத்து" என்று மட்டும் சொன்னார். அங்கே புற்று இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்பது இப்போதுதான் உறைத்தது. அவரும் வந்து பார்த்திருக்கிறார். பாலை ஊற்றினேன். செம்மண் அதை உடனே குடித்துவிட்டது.

"அம்மாக்கு மட்டும்தான் காதுல உழுந்துச்சு. எனக்குச் சொல்லு, இன்னா பேரு வெச்ச?" என்றார் கணவர். சொன்னேன். அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். கதையில் அது அப்படியே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அது ஏதோ கதைப் பெயர். ஆசிரியர் முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மேடம், இப்பல்லாம் உங்க ஆடியோ ரொம்ப க்ளீனா வருது. ரூம் மாத்திட்டீங்களா? பின்னாடி ஒரு சின்னச் சத்தம்கூட இல்லையே" என்றார்.

"இல்லங்க, அதே ரூம்தான்" என்றேன். தினமும் பதிவு முடிந்ததும் ஹெட்ஃபோனை மாட்டி, என் குரலுக்குப் பின்னால் கவனமாகக் கேட்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. பக்கத்திலேயே இருக்கிறாள்.