பாரம் ஏற்றினால் நடுங்கும் வண்டி

காளியாயிக்குச் சொந்த ஊர் பூண்டி. புருஷன் காய்ச்சலில் போன பிறகு கொடைக்கானலுக்கு வந்து மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தாள். அதுவரை ஆண்கள் மட்டுமே பார்த்துவந்த வேலை. முதல் வாரம் சிரித்தவர்கள் இரண்டாம் வாரம் வழிவிட்டு நின்றார்கள். மேல்மலையிலிருந்து மட்டக்குதிரைகளில் வந்து இறங்கும் பூண்டு மூட்டைகளை எண்ணி, வாய் தைத்து, நல்லசாமியின் வண்டியில் ஏற்றுவாள். பிறகு தானும் பின்னால் ஏறி, டிரைவர் அறைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொள்வாள். வடுகபட்டிச் சந்தையில் எண்ணி இறக்கிய பிறகுதான் அன்றைய பாடு முடியும்.

நல்லசாமி அவளைவிடப் பத்து வயது சின்னவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், அப்பா விட்டுப்போன தோட்டத்தை விற்றுப் புத்தம் புதிய பிக்கப் வண்டி ஒன்றை மதுரையிலிருந்து ஓட்டிவந்தான். மூன்றாவது வாரமே காளியாயி சொல்லிவிட்டாள்.

"தம்பி, பெருமாள்மலை தாண்டி வண்டி வேகம் எடுக்கையில அடிப்பலகை நடுங்குதுப்பா. எறங்கினா காலு மரத்துப்போய்க் கெடக்கு."

"புது வண்டிதானக்கா. ஓடஓடச் சரியாயிரும்."

சரியாகவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அவனுக்கு முதலில் ஒரு முனகல் மட்டும்தான் கேட்டது. இரண்டு மாதத்தில் அந்த நடுக்கம் ஸ்டியரிங்குக்கும் வந்து சேர்ந்தது.

கொடைக்கானலில் பட்டறை வைத்திருந்த ஆண்டிச்சாமி சக்கரங்களை மாற்றிப் போட்டார். நட்டுகளை எல்லாம் இறுக்கினார். ஏரியைச் சுற்றி ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். சின்னச் சத்தம்கூட இல்லை.

"வெறும் வண்டியில வராதுங்க" என்றாள் காளியாயி. "பத்து மூட்டைக்கும் வராது. பதினஞ்சுக்கு லேசா வரும். இருபது ஏத்தினா பல்லு ஆடும்."

ஆண்டிச்சாமி அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். மறுநாள் வெள்ளனே இருபது மூட்டையை ஏற்றச் சொல்லி, அவள் உட்காரும் இடத்தில் குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்தபடி பெருமாள்மலை வரை போய்த் திரும்பினார். பிறகு பாரத்தை இறக்காமலே வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் சரியாக இல்லை.

"பாரம் ஏறினா பின்சக்கரத்து வில்லுப்பட்டை அமுங்குது. எஞ்சின்லேர்ந்து பின்சக்கரத்துக்குப் போற ஷாப்டு அப்பக் கோணலா நின்னு சுத்துது. நடுவுல அதைத் தாங்குற பிராக்கெட்டு ரொம்ப ஒல்லி. என்னைக்காச்சும் அத்துக்கிட்டுப் போயிரும். இது நான் தொடுற சோலி இல்ல நல்லசாமி. வண்டி செஞ்சவன்தான் மாத்தித் தரணும்."

மூவரும் மதுரைக்குப் போனார்கள். கம்பெனி ஷெட்டில் இருந்த இன்ஜினியர் வெறும் வண்டியைத் தல்லாகுளம் வரை ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணுமில்லையே" என்றார்.

"பாரத்தோட ஓட்டிப் பாருங்க சாமி" என்றாள் காளியாயி.

இன்ஜினியர் நல்லசாமி பக்கம் திரும்பினார். "யாருப்பா இந்தம்மா?"

"நம்ம வண்டியில மூட்டை ஏத்துறவங்க. நோவு எங்கன்னு இவங்களுக்குத்தான் தெரியும்ங்க."

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே அட்டையில் ஏதோ எழுதினார். மலை ரோடு மோசம், ஓட்டும் முறை சரியில்லை என்று எழுதியிருப்பதாக ஆண்டிச்சாமி பிறகு விசாரித்துச் சொன்னார். அடுத்த தடவை மூட்டைகளோடு போனார்கள். பாரவண்டியை ஷெட்டுக்குள் விட முடியாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் வரை வெயிலில் காத்துக்கிடந்தும் இன்ஜினியர் வெளியே வரவில்லை. கடைசியில் பள்ளிக்கூட கிளார்க் ஒருவரைப் பிடித்து, சென்னையிலிருந்த பெரிய ஆபீசுக்கு இங்கிலீஷில் கடிதம் தட்டி அனுப்பினார்கள். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்த ரக வண்டிக்கு இலேசான அதிர்வு இயல்புதான். தவறாமல் கிரீஸ் வைக்கவும்.

வண்டியை நிறுத்திப் போட்டால் வீட்டில் உலை கொதிக்காது. அதனால் பதினாலு மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை, வேகம் எடுப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது.

அந்தக் கார்த்திகையில் மழை விடவேயில்லை. ஒருநாள் காலை கொட்டகை ஒழுகி, ஓரத்தில் இருந்த நாலு மூட்டை நனையத் தொடங்கியது. நனைந்த பூண்டு இரண்டு நாளில் முளைவிடும். காளியாயி அந்த நாலையும் தூக்கி வண்டியில் போட்டாள். நல்லசாமி பார்த்தான். பின்கதவை மாட்டிவிட்டு ஏறி வண்டியை எடுத்தான்.

ஊத்து என்ற ஊருக்குக் கீழே இறங்கும்போது அடியில் கேட்ட முனகல் மாறியது. இரும்பை இரும்பு தட்டுவதுபோல ஒரு சத்தம். காளியாயி டிரைவர் அறையின் கூரையில் பலங்கொண்ட மட்டும் தட்டினாள். "நிறுத்து தம்பி! நிறுத்து!" அவன் பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஷாப்டு அறுந்து தரையில் மோதி, பிரேக் குழாயையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. வண்டி கட்டுப்பாடின்றி ஓடியது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. நல்லசாமி பாறைப் பக்கம் ஒடித்தான். பாறை டிரைவர் அறையை நசுக்கியது. மூட்டைகளோடு தூக்கியெறியப்பட்ட காளியாயிக்கு வலது தோள் எலும்பு இரண்டாக முறிந்தது. வத்தலக்குண்டு போய்ச் சேருவதற்குள் நல்லசாமி உயிர் போய்விட்டது.

நாலாம் நாள் அந்த இன்ஜினியரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார்.

"எத்தனை மூட்டைம்மா இருந்துச்சு?"

"பதினெட்டுங்க."

"நாப்பது இருந்திருக்கும்ல? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எண்ணி ஏத்துனவ நான். பதினெட்டு."

இருபத்தைந்து மூட்டைப் பாரம் தாங்கும் என்று வண்டியோடு எழுதிக் கொடுத்தவர்களே அவர்கள்தான். அது அவருக்கும் தெரியும். இருந்தும் நாற்பது என்று எழுதிய ஒரு காகிதத்தை நீட்டி, இடது கைப் பெருவிரலை வைத்தால் போதும் என்றார். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள். பழத்தை எடுத்துப் போகச் சொன்னாள்.

விபத்துக்குக் காரணம் வேகம் என்று போலீஸ் விசாரணையில் முடிவாகியது. நல்லசாமியின் மனைவி வடிவுக்குக் கம்பெனி வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதியது. அவ்வளவுதான்.

தை மாதம், தோளில் கட்டு பிரித்த கையோடு, ஆண்டிச்சாமியைக் கூட்டிக்கொண்டு காளியாயி மறுபடி மதுரைக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. ஷெட்டில் அதே ரக வண்டிகள் மூன்று நின்றன. அடியில் ஆட்கள் படுத்துக்கிடந்தார்கள். ஆண்டிச்சாமி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். புது பிராக்கெட்டு. கைத்தண்டி கனம்.

"எல்லா வண்டிக்குமா மாத்துறீங்க?" என்று வேலையாளிடம் கேட்டார்.

"கேட்டு வர்ற வண்டிக்கு மட்டும்ணே. சென்னையிலேர்ந்து உத்தரவு."

கேட்காத வண்டிகளுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. மலையில் அந்த ரகம் இன்னும் நாலு ஓடிக்கொண்டிருந்தது. காளியாயி ஒவ்வொருவரையும் தேடிப் போனாள். மூன்று பேர் உடனே மதுரைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். நாலாவது ஆள், வேலுச்சாமி என்பவர், தன் வண்டியில் சத்தமே இல்லை என்று சாதித்தார். அவள் பேச்சுக் கொடுக்காமல் பின்னால் ஏறி, இருபது மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து வத்தலக்குண்டு வரை போனாள். இறங்கியதும் மரத்துப்போன காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இருக்குங்க. வெரசா மாத்துங்க" என்றாள். அவர் மறுநாளே போனார்.

வடிவிடம் சொல்லத்தான் துணிவு வரவில்லை. பங்குனியில் ஒருநாள் போய் வாசலில் நின்றபடியே சொன்னாள். "பதினாலுன்னு பேசியிருந்தோம் தாயி. மேக்கொண்டு நாலு மூட்டை ஏத்துனது நான்தான்."

வடிவு கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இருபத்தஞ்சு தாங்கும்னுதான கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்தான்?" என்றாள். குரலில் ஆறுதல் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் காளியாயியால் மூட்டை தூக்க முடியவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பூண்டு தரம் பிரித்தாள். சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் வடிவும் அதே வேலை கேட்டு வந்தாள். வேறு இடம் இல்லாததால் காளியாயிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நாலு வருஷம் அப்படி உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பூண்டு, மழை, குழந்தைகளின் படிப்பு என்று எல்லாம் பேசினார்கள். நல்லசாமியின் பேரை இருவரில் ஒருவரும் எடுக்கவில்லை.