ஆடி மாதம், கல்யாண மண்டபம், ஒரு மிட்ஃபீல்டர்

1. பொறியியல் படிப்பை முடித்த வருடம், சென்னையில் ஒரு பெண்கள் கால்பந்து அணி என்னை ஒரு சீசனுக்குச் சம்பளத்தோடு எடுத்துக்கொண்டது. எனக்குக் கிடைத்த இடம் மிட்ஃபீல்டு.
2. சில ஆட்டங்களிலேயே கோச் என்னை பெஞ்சில் உட்கார வைத்தார்.
3. காரணம், எனக்குத் தரையோடு பாஸ் கொடுக்க வராது.
4. அடுத்த பயிற்சி முகாமுக்குள் அது சரியாகாவிட்டால் புது ஒப்பந்தம் கிடையாது என்று சீசன் முடிந்ததும் சொல்லிவிட்டார்.
5. ஆடி மாதம் முழுக்கக் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் பயிற்சி செய்தேன்.
6. அங்கே ஒரு டியூப்லைட் உடைந்தது. உடைத்தது நான் இல்லை.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில். நாங்கள் பந்தாடியது பாலாற்றில். தண்ணீர் இல்லாத மாதங்களில் அது பெரிய மைதானம்தான், ஆனால் மணல். உருட்டினால் பந்து கொஞ்ச தூரம் போய்ப் புதைந்து நின்றுவிடும். அதனால் பந்துக்கு அடியில் காலை விட்டு அள்ளித்தான் போடுவோம். ஆற்றில் நான் நல்ல ஆட்டக்காரி. யார் நெஞ்சில் வேண்டுமானாலும் பந்தைக் கொண்டுபோய் இறக்குவேன்.

புல்தரையில் அந்தத் திறமை செல்லாது. மிட்ஃபீல்டரின் வேலை, பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, நெருக்கத்துக்குள்ளேயே சட்டென்று முன்னால் தள்ளுவது. பந்து காற்றில் போனால், வாங்குகிறவள் அதை அடக்குவதற்குள் எதிரணி சூழ்ந்துவிடும். எங்கள் கோச் வடசென்னைக்காரர். நான் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் நெற்றியில் கையை வைத்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

“இன்னாமா, பாஸ் குடுன்னா காத்தாடி உடுற?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கடைசி நாளில் மட்டும் அவர் விளையாட்டாகப் பேசவில்லை. “உனுக்கு கண்ணு நல்லா இருக்குது. யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியுது. பந்து கீழ எறங்கலேன்னா வேற ஆள வெச்சிக்குவேன். தப்பா நெனைக்காதமா.”

நான் தப்பாக நினைக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் என்னென்ன தேவை என்று யோசித்தேன். சமமான தரை. ஒரு சுவர். தூக்கி அடிக்கப் பயம் வருகிற மாதிரி மேலே ஏதாவது. பந்தைத் திருப்பி அனுப்ப ஒரு ஆள்.

முதல் மூன்றும் மாமாவிடம் இருந்தன. அம்மாவின் தம்பியான அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் மாதம் முழுக்க மண்டபம் சும்மா கிடக்கும்.

“மேல பாரு,” என்றார் மாமா. “வரிசையா டியூப்லைட்டு. ஒண்ணு ஒடைஞ்சாலும் ஓனர் என்னத்தான் கேப்பாரு.”

“அதுக்குத்தான் மாமா இங்க வரேன்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

திருப்பி அனுப்பும் ஆள் அம்மா. சாயங்காலம் பட்டுத்தறியை விட்டு எழுந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிடுவாள். முதல் நாள் பந்து வரும்போதெல்லாம் ஒதுங்கினாள். மறுநாள் தறியில் மிதியை அமுக்குவதுபோல உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்தினாள்.

“இவ்ளோதானா? இதுக்கா சம்பளம் தராங்க?”

நாற்காலிகளை அடுக்கி எதிரணியாக நிறுத்தி, நடுவில் இருந்த சந்துகளில் பந்தைத் தள்ளினேன். அது தரையோடு போனால் அம்மா வாங்குவாள். எழும்பினால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். “அது எனுக்கு வந்த பாஸ் இல்ல. நீயே போய் எடுத்துக்கினு வா.” ஹாலின் கடைசிவரை ஓடி எடுத்து வருவேன்.

மெதுவாக அடித்தால் பந்து உருண்டது. வேகமாக அடித்தால் மறுபடியும் எழும்பியது. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது, கணுக்கால் இறுக்கமாகத்தான் இருந்தது. எது தவறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆடியும் முடியப்போகிறது.

அந்த நேரத்தில்தான் வாலாஜாபாத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் மண்டபம் பார்க்க வந்தார்கள். மாமா பெருமையோடு ஹால் கதவைத் திறந்தார். நடுவில் அம்மா பந்தின்மேல் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“தரை லெவலா இருக்குதான்னு செக் பண்றோம் சார்,” என்றார் மாமா.

பெண்ணின் அப்பா தரையைப் பார்க்கவில்லை. “நானும் ஆடினவன்தான்,” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வந்த எடத்துல வேணாங்க,” என்றார் அவர் மனைவி.

அதற்குள் அம்மா தள்ளிவிட்ட பந்தை அவர் அடித்துவிட்டார். பந்து அழகாக மேலே போனது. மேலே டியூப்லைட் இருந்தது.

கண்ணாடிச் சில்லுகள் விழுந்து ஓய்ந்ததும் அம்மா சொன்னாள்: “இவரும் ஆத்துல ஆடினவரு போல.”

“எப்டிமா கரெக்டா சொல்றீங்க? எங்க ஊர் பாலாறுதான்!” என்றார் அவர். அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை, மாமாவைத் தவிர. ஆவணி பிறந்ததும் அட்வான்ஸும் புது லைட்டும் சேர்த்துக் கொண்டுவருவதாகப் பெண்ணின் அப்பா சொன்ன பிறகு மாமாவும் சிரித்தார்.

நான் அவரை இன்னொரு முறை அடிக்கச் சொன்னேன். பந்தில்லாமல், சும்மா காலை மட்டும் வீசி. அடிக்கும் கணத்தில் அவர் உடம்பு பின்னால் சாய்ந்தது. மணலில் அள்ளும்போது அப்படித்தான் சாய்வோம். இத்தனை நாளும் நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்ததால் முதுகு என்ன செய்கிறது என்று பார்க்கவே இல்லை. அவர்கள் போனபின் சில்லுகளைப் பெருக்கிவிட்டு, நெஞ்சைப் பந்துக்கு நேர்மேலே கொண்டுவந்து பலமாக அடித்தேன். பந்து நாற்காலிச் சந்தில் சீறிக்கொண்டு போய் அம்மாவின் காலில் பட்டது.

“ஐயோ, வலிக்குதுடி,” என்றாள் அம்மா. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முகாமின் பயிற்சி ஆட்டத்தில் கோச் என்னைக் கடைசிப் பகுதியில்தான் இறக்கினார். எனக்கு வந்த முதல் பந்தை இரண்டு பேருக்கு நடுவில் தரையோடு தள்ளினேன். எங்கள் முன்கள ஆட்டக்காரி ஓட்டத்தை நிறுத்தாமலே அதை வாங்கிக்கொண்டாள். அடுத்ததும் அப்படியே போனது. அதற்கடுத்தது கோலில் முடிந்தது. ஆட்டம் முடிந்ததும் கோச் கூப்பிட்டார்.

“கையெழுத்து போட வீட்லேந்து யாருமா வருவாங்க?”

“நானே போடலாம் சார். எனக்கு இருபத்திரண்டு வயசு.”

“அப்போ போடு,” என்று பேனாவை நீட்டினார்.

இப்போது அதே அணியில் இரண்டாவது சீசன். பெரும்பாலான ஆட்டங்களில் முதல் பதினொரு பேரில் இருக்கிறேன். வலது கால் பாஸ் நன்றாகப் போகிறது, இடது கால் இன்னும் சரியாகவில்லை. ஒப்பந்தம் இந்த சீசன் முடியும்வரை இருக்கிறது.